ஆசிட் வந்தால் உறையும் பால், ஆசிட் போனால் உறையும் இன்சுலின்

குமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷீட் கொட்டகை இருக்கிறது. விடியும் முன்பே பால்வெட்டுக்குப் போனவர்கள் பத்து மணி வாக்கில் வாளிகளோடு திரும்பி வருவார்கள். ரப்பர் பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றுவார்கள். தண்ணீரில் கலந்த ஃபார்மிக் ஆசிட்டைக் கொஞ்சம் விட்டுக் கிண்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு வந்து பார்த்தால் தட்டில் வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் எழும்பும் கட்டி இருக்கும். அதை ரோலரில் கொடுத்து எடுத்தால் ஷீட். பாலாகவே விற்க நினைப்பவர்கள் ஆசிட்டுக்குப் பதில் அம்மோனியா விடுவார்கள். அது சேர்ந்த பால் உறையாமல் கிடக்கும்.

அந்தக் கொட்டகையில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், 'ஸ்மார்ட் மருந்து' பற்றிய செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்து என்னிடம் நீட்டினார். “புற்று இருக்கும் இடத்துக்குப் போய் அதுவாகத் திறந்துகொள்ளுமாமே. மருந்துக்குக் கண்ணா இருக்கிறது மக்களே?” என்று கேட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். கரும்பலகை பக்கத்தில் இல்லை. அவருடைய தட்டு இருந்தது.

ரப்பர் பாலில் ரப்பர் கரைந்திருக்கவில்லை, மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவும் அதற்குக் குறைவுமான நுண்துளிகள் அவை. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், துளிகள் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. பால் பாலாக இருப்பதற்கு இந்தத் தள்ளுமுள்ளுதான் காரணம். ஆசிட் விழுந்ததும் அதிலிருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் உறையில் ஒட்டி அந்த மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடுகின்றன. தள்ளும் விசை போய்விட்டால் துளிகள் மோதி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அம்மோனியா இதற்கு நேர்மாறு: காரத்தன்மையைக் கூட்டி மின்னூட்டத்தைக் காப்பாற்றுகிறது. சிரட்டையிலேயே விட்டுவைத்த பால் தானாக உறைந்து ஒட்டுபாலாகப் போவதும் இதே கணக்குதான். கிருமிகள் பெருகித் தாங்களே அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. அக்கானி எனும் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறவர்களுக்கும் அமிலம், காரம் என்ற இந்த விளையாட்டு கைவந்த ஒன்று.

ரப்பர் துளிக்கு ஆசிட் வந்தது தெரியாது. சுற்றுப்புறம் மாறியது, அதனால் துளியின் மின்னூட்டம் மாறியது, அவ்வளவுதான். செய்தித்தாளில் 'ஸ்மார்ட்' என்று எழுதப்படும் மருந்து மூலக்கூறுகளுக்கும் இதற்கு மேல் அறிவு கிடையாது. கொட்டகையில் ஆசிட்டை ஊற்றுவது பெரியவர். உடம்பில் அதை ஊற்றுவது பெரும்பாலும் நோயேதான்.

இனி விஷயத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். மூலக்கூறுகள் தாமாகவே சேர்ந்து ஓர் ஒழுங்கான அமைப்பை உருவாக்குவதைத் தன்னொழுங்கமைவு என்கிறார்கள். அமிலம், வெப்பம், ஒளி, நொதி போன்ற ஏதோ ஒன்று படும்போது மட்டும் சேர்வதாகவோ பிரிவதாகவோ அது இருந்தால், தூண்டலுக்கு இசையும் தன்னொழுங்கமைவு. பெயர் நீளம்தான், ஆனால் சமையலறையிலேயே இதன் முதல் பாதியைப் பார்க்கலாம்.

மீன் குழம்பு சாப்பிட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், எண்ணெய் போகாது. சோப்புப் போட்டால் போகிறது. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை தண்ணீரை நாடும், வால் தண்ணீரோடு ஒட்டாது. தண்ணீரில் போதுமான அளவு சோப்பு இருந்தால், வால்கள் எல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டு தலைகள் வெளியே தெரியும்படி சின்னச் சின்னப் பந்துகளாக மூலக்கூறுகள் கூடிவிடுகின்றன. இந்தப் பந்துக்கு மிசெல் என்று பெயர். எண்ணெய்ப் பிசுக்கு அதன் வயிற்றுக்குள் போய் அடங்கிவிடுகிறது. எந்தக் கொத்தனாரும் வந்து இதைக் கட்டவில்லை. மேற்பார்வையாளரும் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்ள விரும்பி, வால்களை ஒதுக்கித் தள்ளுகின்றன. ஒதுக்கப்பட்டவை ஒன்றுகூடுகின்றன.

“அப்படியானால் ரப்பரும் தன்னொழுங்கமைவுதானா?” என்று கேட்டால், நான் தயங்குவேன். ரப்பர் உறைவது கூட்ட நெரிசல். எது எதோடு, எந்தப் பக்கமாக ஒட்டியது என்ற ஒழுங்கு அதில் இல்லை, ஒட்டியது திரும்பப் பிரிவதும் இல்லை. மிசெலில் மூலக்கூறுகள் சேர்கின்றன, நழுவி வெளியே வருகின்றன, மறுபடி சேர்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை பலவீனமான விசைகள் என்பதால்தான் இது முடிகிறது. தவறான இடத்தில் உட்கார்ந்த மூலக்கூறு எழுந்து போய்ச் சரியான இடத்தைத் தேடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பிடிப்பு வலுவாக இருந்தால் முதல் தவறே கடைசித் தவறாக உறைந்துவிடும். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான செய்தி இதுதான்.

பலவீனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தராசு கிட்டத்தட்டச் சமமாக நிற்கும்போது ஒரு சின்ன எடையே தட்டைச் சாய்த்துவிடும். சேர்வதா பிரிவதா என்ற விளிம்பில் நிற்கும்படி ஒரு மூலக்கூறை வடிவமைத்துவிட்டால், உடம்பில் இயல்பாக இருக்கும் சிறு வேறுபாடே அதைச் சாய்க்கப் போதும்.

அப்படி என்ன வேறுபாடுகள் இருக்கின்றன? அமில அளவைச் சொல்லும் பிஹெச் எண்ணை எடுத்துக்கொள்வோம். எண் குறையக் குறைய அமிலம் கூடும், ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு. இரத்தத்தில் அது 7.4. இரைப்பையில் 1 முதல் 3 வரை. செல்லுக்குள் உள்ள கழிவுப் பையான லைசோசோமில் சுமார் 4.5 முதல் 5. பல புற்றுக் கட்டிகளைச் சுற்றி 6.5 முதல் 7 வரை இருக்கும், ஏனென்றால் புற்றுச் செல்கள் சர்க்கரையை அவசரமாக எரித்து லாக்டிக் அமிலத்தை வெளியே கொட்டுகின்றன. இதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார். அமிலம் தவிர, வெப்பநிலை இருக்கிறது, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சுரக்கும் நொதிகள் இருக்கின்றன. குளூட்டாதயோன் என்ற பொருள் செல்லுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம். கந்தகப் பாலம் போட்டுக் கட்டிய பொதி ஒன்று செல்லுக்குள் நுழைந்தால் குளூட்டாதயோன் அந்தப் பாலத்தை அறுத்துவிடும்.

இதெல்லாம் ஆய்வகச் சமாசாரம் என்று நினைத்தால், உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் இன்சுலின் பேனா முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் 'கிளார்ஜின்' என்று எழுதியிருக்கிறது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். எந்தப் புரதத்துக்கும் ஒரு குறிப்பிட்ட பிஹெச் அளவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஈடாகி, மொத்தம் சுழியாகிவிடும். அப்போது தள்ளும் விசை இல்லாமல் அது திரண்டுவிடும். இயல்பான மனித இன்சுலினுக்கு அந்த அளவு சுமார் 5.4. இரத்தத்தின் 7.4 அதற்குத் தூரம் என்பதால், அது கரைந்தே இருக்கும், வேகமாக வேலை செய்து தீர்ந்துபோகும். ஆய்வாளர்கள் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி அந்த இடத்தில் கிளைசினை வைத்தார்கள், சங்கிலியின் முனையில் இரண்டு ஆர்ஜினின்களைச் சேர்த்தார்கள். கிளைசின், ஆர்ஜினின் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் கிளார்ஜின் என்ற பெயர். இந்தச் சின்ன மாற்றத்தால் திரளும் அளவு சுமார் 6.7-க்கு நகர்ந்தது. பேனாவுக்குள் இருக்கும் மருந்து பிஹெச் 4 அளவில், தெளிந்த தண்ணீர் போல இருக்கிறது. தோலுக்கு அடியில் போனதும் உடம்பின் திரவங்கள் அந்த அமிலத்தைத் தணித்துவிடுகின்றன. உடனே இன்சுலின் நுண்துகள்களாகத் திரண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்துக்குள் போகிறது. அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்ற மருந்து இது.

ரப்பர் தட்டையும் இந்தப் பேனாவையும் பெரியவருக்கு அருகருகே வைத்துக் காட்டினேன். அங்கே ஆசிட் வந்ததும் உறைகிறது, இங்கே ஆசிட் போனதும் உறைகிறது. காரணம் ஒன்றேதான். கிளார்ஜினோடு வேறு இன்சுலினை ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். கலந்தால் அமில அளவு மாறிவிடும், ஊசிக்குள்ளேயே கணக்குக் கெட்டுவிடும்.

கறாரானவர்கள் கிளார்ஜினையும் வெறும் திரட்சி என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்காக டெக்லுடெக் என்ற இன்னொரு இன்சுலின் இருக்கிறது. இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாக அயனியைச் சுற்றி ஆறு ஆறாகக் கூடும் வழக்கம் உள்ளவை. டெக்லுடெக்கில் ஒரு கொழுப்பு அமில வாலும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. பேனாவுக்குள் இருக்கும் ஃபீனால் அந்த ஆறின் கூட்டங்களை இரண்டிரண்டாக நிறுத்தி வைத்திருக்கிறது. ஊசி போட்டதும் ஃபீனால் பரவிப் போய்விடுகிறது. தடை நீங்கிய கூட்டங்கள் முத்துக்கோவை போல நீளமாகக் கோத்துக்கொள்கின்றன. பிறகு துத்தநாகம் மெல்ல மெல்ல விலக, கோவையின் முனைகளிலிருந்து மூலக்கூறுகள் தனித்தனியாகக் கழன்று இரத்தத்துக்குள் போகின்றன. 42 மணி நேரத்துக்கும் மேலாக வேலை செய்யும் இந்த மருந்தில் தூண்டல், ஒழுங்கான கூடல், ஒழுங்கான கலைதல் மூன்றும் இருக்கின்றன.

நம் உடம்பு இதைப் பேனா கண்டுபிடிக்கும் முன்பிருந்தே செய்துவருகிறது. முழங்காலில் சிராய்த்து இரத்தம் வந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் சில நுனிகளைத் திராம்பின் என்ற நொதி நறுக்குகிறது. நறுக்கியதும் அதுவரை மறைந்திருந்த பிடிமானங்கள் வெளியே தெரிகின்றன. மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி இழையாகி, இழைகள் வலையாகி, குளச்சல் வலையில் மீன் சிக்குவது போல இரத்தச் செல்கள் அதில் சிக்குகின்றன. காயம் அடைபடுகிறது. காயம் இல்லாத இடத்தில் இது நடந்தால் ஆபத்து என்பதால்தான் நொதி என்ற பூட்டு.

இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, செயற்கையாகவும் ஓர் அடைப்பு செய்யலாமே என்று தோன்றாமல் இருக்குமா? 1990-களில் ஷுகுவாங் ஜாங் என்ற ஆய்வாளர், ஈஸ்ட்டின் ஒரு புரதத்தை ஆராயும்போது, அதன் ஒரு பகுதி உப்பு நீரில் தானாகவே படலமாகக் கூடுவதைக் கண்டார். அந்த வழியில் உருவானதுதான் ராடா-16 என்ற பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி. ஆர்ஜினின், அலனின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்ற நான்கு எழுத்துச் சொல்லை நான்கு முறை எழுதினால் 16. குப்பியில் இருக்கும்போது அமிலக் கரைசலாக, ஊற்றக்கூடிய நீர்மமாக இருக்கிறது. இரத்தம் பட்டதும் அமிலம் தணிகிறது, நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் மாறி மாறி வரிசைகட்டிப் பொருந்துகின்றன, நொடிகளில் நுண்ணிழை வலை கொண்ட கூழாகிவிடுகிறது. அந்தக் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். எண்டோஸ்கோப்பி குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்தி, இரத்தக் கசிவை நிறுத்த இதைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கூழ் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால், மருத்துவருக்குக் கசியும் இடம் மறையாது என்பது கூடுதல் வசதி.

எல்லாக் கூடலும் நல்லதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிவாள் செல் சோகையில், ஹீமோகுளோபினின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஆக்சிஜன் குறையும் இடங்களில் அந்த ஹீமோகுளோபின் கம்பி போல நீண்டு கோத்துக்கொண்டு, சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது. அதுவும் தூண்டலுக்கு இசையும் தன்னொழுங்கமைவுதான், வடிவமைத்தவர் யாரும் இல்லை என்பதைத் தவிர. இன்சுலினும் வெயிலில் காய்ந்தால், அதிகம் குலுங்கினால், தவறான முறையில் இழைகளாகக் கூடிக் கெட்டுவிடும். வண்டியின் பெட்டிக்குள் பேனாவைப் போட்டுக்கொண்டு நாகர்கோவில் வரை போகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. குளிரில் பனிக்கட்டியாக உறைந்துபோன இன்சுலினையும் பயன்படுத்தக் கூடாது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்: புற்று.

பொற்றையடிக்குப் பக்கத்தில் நிற்கும் மருந்துவாழ்மலை எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் பறந்தபோது அதிலிருந்து விழுந்த துண்டு என்பது கதை. எந்த மூலிகை என்று அடையாளம் தெரியாததால் மலையையே பெயர்த்துக்கொண்டு போனார். வழக்கமான கீமோதெரபியும் ஏறக்குறைய அப்படித்தான். கட்டிக்குப் போக வேண்டிய மருந்து எது, எங்கே என்று பிரித்து அனுப்ப முடியாமல் உடம்பு முழுவதும் அனுப்புகிறோம். முடி கொட்டுவதும் வாந்தியும் அதனால்தான்.

இதற்குத் தீர்வாக வந்தவை சுமக்கும் பொதிகள். 1960-களில் பிரிட்டனில் அலெக் பாங்கம், கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே இரட்டைச் சுவர் கொண்ட நுண்குமிழிகளாவதைக் கண்டார். லைபோசோம் என்ற பெயர் அப்படி வந்தது. 1995-ல் புற்று மருந்தான டாக்சோரூபிசினை லைபோசோமில் அடைத்து அமெரிக்கா அனுமதித்தது. இதய பாதிப்பு குறைந்தது. 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, தட்டுப்பாட்டால் ஊர் ஊராகத் தேடப்பட்ட ஆம்போடெரிசின் மருந்தும் லைபோசோம் வடிவம்தான். சாதாரண வடிவத்தைவிடச் சிறுநீரகத்துக்கு அதனால் தொல்லை குறைவு. ஆனால் இவை இரண்டும் கூடும், சுமக்கும், அவ்வளவுதான். குறிப்பிட்ட இடத்தில் திறக்கும் பூட்டு அவற்றில் இல்லை.

பூட்டு உள்ள பொதியை உலகம் கோடிக்கணக்கில் பார்த்தது கோவிட் காலத்தில். நம் பக்கத்தில் பெரும்பாலும் கோவிஷீல்டும் கோவாக்சினும்தான் போட்டோம். வெளிநாடுகளில் போட்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில், எம்ஆர்என்ஏ என்ற, புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய இழையைச் சுமந்தவை கொழுப்பு நுண்பொதிகள். அவற்றிலுள்ள ஒரு வகைக் கொழுப்புக்கு இரத்தத்தின் பிஹெச் அளவில் மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை, அதனால் வழியில் வம்பு இல்லை. செல் அந்தப் பொதியைத் தன் சவ்வால் விழுங்கிப் பைக்குள் வைக்கிறது. பை நேரம் ஆக ஆக அமிலமாகிறது. கொழுப்பு நேர் மின்னூட்டம் பெறுகிறது, பையின் எதிர் மின்னூட்டச் சுவரோடு ஒட்டிக் குலைக்கிறது, எம்ஆர்என்ஏ வெளியே நழுவுகிறது. விழுங்கிய எல்லாமே தப்பிவிடுவதில்லை, சிறு பங்குதான் தப்புகிறது. தடுப்பூசிக்கு அந்தச் சிறு பங்கே போதுமானதாக இருந்தது.

கட்டிகளில் கதை இவ்வளவு சுகமாக இல்லை. சுமார் 41 டிகிரி செல்சியஸில் சவ்வு இளகி மருந்தை விடும் லைபோசோம் ஒன்று, தெர்மோடாக்ஸ் என்ற பெயரில் வந்தது. கல்லீரல் கட்டியைச் சூடுபடுத்தும் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எலிகளில் நன்றாக வேலை செய்த அது, மனிதர்களிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளிலும், 2013-லும் 2020-லும், எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விலங்குகளுக்குச் செலுத்திய நுண்துகள்களில் கட்டியைச் சேர்வது நடுமதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று கணக்கிட்டது. மிச்சத்தின் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. திறக்கும் பூட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பொதி வீட்டுக்கே வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வது? மருந்தைச் சுமக்க மிசெல்களைப் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனால் அவை கலைந்துவிடும். ஐந்து லிட்டர் இரத்தத்தில் ஒரு சிறு ஊசி மருந்து கலந்தால் எவ்வளவு நீர்த்துப்போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே 'நுண்மருந்து, புற்றை மட்டும் தேடி அழிக்கும்' என்று கைபேசியில் வரும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. சிகிச்சை எடுக்கும் ஒருவர் அதை நம்பி மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டில் உறைந்துகொண்டிருந்த பாலை விரலால் தொட்டுப் பார்த்தார். “கட்டியைச் சுற்றி ஆசிட் இருக்கிறது என்கிறாய். வேறு எங்கும் இருக்காதா மக்களே?”

ஆய்வகங்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகின்றன. இரத்தத்தின் 7.4-க்கும் கட்டியோரத்தின் 6.9-க்கும் இடையே ஹைட்ரஜன் அயனி மூன்று மடங்குதான் கூடுகிறது. அவர் வருடந்தோறும் மருந்துவாழ்மலை ஏறுகிறவர். மூச்சிரைக்க ஏறும்போது காலின் தசைக்குள் பிஹெச் 6.5 வரையிலும் இறங்கக்கூடும். அமிலத்துக்கு மட்டும் திறக்கும் பொதியால் அந்தக் காலையும் ஒரு கட்டியையும் வேறுபடுத்த முடியாது. அதனால்தான் அமிலமும் ஒரு குறிப்பிட்ட நொதியும் சேர்ந்து இருந்தால் மட்டும் திறக்கும் இரட்டைப் பூட்டுகளைச் செய்து பார்க்கிறார்கள் என்றேன். “மலை இறங்கிய பிறகு அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, உருளையைத் துடைக்கப் போய்விட்டார்.